கை விலகாத கட்டடம்

ஆவுடையப்பன் கட்டடத்திலிருந்து கட்டினவர் கை விலகவில்லை, அதனால் அது வளர்ந்தது. காரணம் அவ்வளவுதான். இதற்கு மேலும் காரணம் வேண்டுமென்கிறவர்கள் பைபாஸ் டீக்கடையில் போய் உட்காரட்டும், அங்கே விதவிதமாகக் கிடைக்கும்.

எங்கள் பக்கத்து வழக்கம் இது. கட்டடம் முடிந்து, பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் தச்சு கழிப்பார்கள். கட்டினவர் பூசணிக்காயில் சூடம் ஏற்றிக் கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, வாசலில் போட்டு உடைத்துவிட்டு, கட்டடத்துச் சொந்தக்காரர் முன்னால் நின்று, "மனசு குளிர்ந்துதா?" என்று கேட்பார். ஒரே நிற்பில் மூன்று தடவை வரை கேட்கலாம், பிறகு இன்னொரு நாள் கேட்கலாம். சொந்தக்காரர் தாம்பாளத்தில் வேட்டியும் துண்டும் வெற்றிலை பாக்கும் வைத்துக் கொடுத்து, "குளிர்ந்துது" என்பார். அந்தச் சொல்லோடு கட்டினவர் கை விலகும். செங்கல் செங்கலாக அடங்கும், மணல் மணலாக அடங்கும், கட்டடம் தான் முடிந்துவிட்டதைத் தெரிந்துகொண்டு சும்மா நிற்கும். கேட்காமல் சொன்னால் செல்லாது. கேட்டும் சொல்லாவிட்டால் கை விலகாது. பணம் கொடுத்தோமா இல்லையா என்பது வேறு விஷயம்.

ஆவுடையப்பன் வேலைக்குப் போகிறவர் அல்ல. மனை வாங்குவார், கட்டுவார், வாடகைக்கு விடுவார். மில்லுக்கு எதிரே ஒரு வரிசை அறைகள், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நாலு கடை, கடைசியாக பைபாஸ் பிரிகிற இடத்தில் இந்த மூன்று மாடி. அவர் குடியிருப்பது மட்டும் அவர் அப்பா கட்டின வீட்டில், தெப்பக்குளத் தெருவில், என் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி. பில் என்று எதைப் பார்த்தாலும் அவர் கை சிவப்புப் பேனாவைத் தேடும். பிளம்பர் பில், கரண்டு வேலை பார்த்தவன் பில், பல் பிடுங்கின டாக்டர் பில் வரைக்கும் குறைத்துத்தான் கொடுத்திருக்கிறார். ஒரு பில்லையும் முழுசாகக் கொடுக்காமலே செத்துப்போக வேண்டும் என்பது அவர் ஆசை.

கட்டினவர் வெயிலுமுத்து. கொத்தனாராக இருந்து காண்ட்ராக்டர் ஆனவர். சதுர அடிக் கணக்கில் எடுப்பார். கட்டுவதை ஒழுங்காகக் கட்டுவார். அளக்கும்போது மட்டும் டேப் கொஞ்சம் தாராளமாகப் போகும். சன்ஷேடு நுனி வரைக்கும் கட்டடம்தான் என்பார். ஊருக்குத் தெரிந்த விஷயம், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வாய்க்கால் கரையில் அவருக்கென்று பச்சை வர்ணம் அடித்த மாடி வீடு ஒன்று, மற்றவர்கள் வேலையில் மிஞ்சின நேரத்தில் மிஞ்சின கையால் அவரே கட்டினது.

கடைசி பில் வந்த அன்றைக்கு ரெண்டு பேரும் கட்டடத்து மொட்டைமாடியில் நின்றார்கள்.

"கைப்பிடிச் சுவர் ஒரு அடி கூட இருக்கே. எக்ஸ்ட்ராவா?" என்றார் ஆவுடையப்பன்.

"நீங்கதானே அண்ணாச்சி ஒசத்தச் சொன்னிய. இந்த இடத்துலதான் நின்னிய. பிள்ளைக எட்டிப் பாத்து விழுந்துரும்னிய."

"நான் பிள்ளைகளப் பத்திப் பேசினேன். சுவரப் பத்திப் பேசல."

"சுவர ஒசத்தாம பிள்ளைகளயா ஒசத்த முடியும்?"

"ஒப்பந்தத்துல இருக்காவே?"

"வாயால சொன்னது."

"அப்ப நானும் வாயாலயே குடுத்துருதேன். ரொம்ப சந்தோஷம்." சிவப்புப் பேனா கைப்பிடிச் சுவர் மேல் ஓடியது. "இது என்ன, சன்ஷேடுக்கு முழுச் சதுர அடியா? அதுல யாரு குடியிருக்கா? காக்கா வாடகை குடுக்குமா?"

"காக்காவுக்குப் போட்டது இல்ல அண்ணாச்சி. சாரலுக்குப் போட்டது."

"சாரல்கிட்ட வாங்கிக்கிடும்."

சன்ஷேடும் போனது. பேனா இறங்கி இறங்கிக் கடைசி வரிக்கு வந்தது. தச்சு கழிப்புக்குப் பூசணிக்காய், சூடம், வேட்டி, துண்டு. அதையும் அடித்தார். அங்கேதான் வெயிலுமுத்து முகம் மாறியது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் அவர் பில்லில் அடித்திருக்கிறார்கள், பூசணிக்காயை அடித்தவர் யாரும் இல்லை.

தச்சு கழிக்கிற அன்றைக்குப் பூசணிக்காயை அவரே வாங்கி வந்து உடைத்தார். உடைத்துவிட்டு வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, "மனசு குளிர்ந்துதா?" என்று கேட்டார். வெறுங்கையோடு நின்ற ஆவுடையப்பன், "பில்லக் குறைச்சா குளிரும்" என்றார். ரெண்டாம் தடவை கேட்டார். இவர் வேறு பக்கம் பார்த்தார். மூன்றாம் தடவை கேட்டபோது, சம்பந்திமார், வாடகைக்கு வர இருந்தவர்கள், புரோகிதர், நான் எல்லோரும் நிற்க, ஆவுடையப்பன் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்: "கு-ளி-ர-ல."

வெயிலுமுத்து தோள் துண்டை எடுத்து உதறினார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"சரி. அப்ப வேல முடியல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் பால் பொங்கியது, ஆட்கள் குடிவந்தார்கள். கீழே முதல் கடையைப் பிடித்தவர் டெய்லர் செய்யது மைதீன். அவர்தான் முதலில் பார்த்தார்.

"அண்ணாச்சி, மொட்டமாடிச் சுவர் நேத்து எனக்கு நெஞ்சளவு இருந்துது. இன்னைக்குக் கழுத்தளவு இருக்கு."

"நீரு குறுகியிருப்பீரு."

"அளவெடுக்கது என் தொழிலு அண்ணாச்சி."

ஒரு வரி செங்கல் ஏறியிருந்தது. மறுநாள் இன்னொரு வரி. அதற்கடுத்த நாள் இன்னொன்று. கொத்தனார் இல்லை, சித்தாள் இல்லை, சாரம் கட்டவில்லை, கலவைச் சட்டி ஓசை யாருக்கும் கேட்கவில்லை. விடிகிறபோது ஒரு வரி இருந்தது, மறுபடி விடிகிறபோது இன்னொரு வரி இருந்தது, வரி மேல் வரியாக ஏறி, ஜன்னல் வரும் இடத்தில் ஜன்னலுக்கு வழி விட்டு, கதவு வரும் இடத்தில் கதவுக்கு வழி விட்டு, தலைக்கு மேலே ஒரு வெள்ளிக்கிழமை கூரையும் வந்து மூடி, அதன் மேல் மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தது.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், பால்காரர் காலையில் பாலை ஊற்றிக்கொண்டே "எத்தனை வரி ஏறியிருக்கு?" என்று கேட்டார், நாங்கள் சொன்னோம், அவர் அடுத்த வீட்டுக்குப் போய் அதைச் சொன்னார், மழை பெய்த செய்தியைவிட அது பெரிய செய்தியாக இருக்கவில்லை. டவுன் பஸ் கண்டக்டர் அந்த இடத்துக்கு "வளர்ற வீடு எறங்கு" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார். மில்லுக்குப் போகிற பெண்கள் சுவர் இடுப்பளவு வந்தபோதே பாயும் தட்டும் கொண்டுபோய் வைத்து அறை பிடித்தார்கள், கூரை வருகிறவரை மேலே பழைய சேலையைக் கட்டிக்கொண்டு படுத்தார்கள். பிள்ளை வளர்த்தியாக இல்லை என்று கவலைப்பட்டவர்கள் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை கொண்டுவந்து அந்தச் சுவரில் சாய்த்து நிறுத்தினார்கள், பிள்ளைகளும் வளர்ந்தன. வளர்கிற வயசு, வளரத்தான் செய்யும். வீட்டுவரி போட டேப்போடு வந்த நகராட்சிக்காரர் கீழேயிருந்து அளந்துகொண்டு மேலே போய்ச் சேர்வதற்குள் மேலே கூடியிருந்தது, மறுபடி கீழேயிருந்து ஆரம்பித்தார், கடைசியில் ரெண்டாம் மாடியில் ஓர் அறை எடுத்துத் தங்கிவிட்டார். சம்பளம் வருகிறது, அளந்துகொண்டிருக்கிறார்.

வாடகை குறைவு. சும்மா வந்த அறைகள், கிடைத்தது லாபம் என்று ஆவுடையப்பன் விட்டார். ஊரில் பாதிப்பேருக்கு அங்கே ஒரு மகனோ மருமகளோ கடையோ இருந்தது. அதனால் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் என் அக்காள் மகனுக்கு நாலாம் மாடியில் ஓர் அறை பேசி விட்டேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

வெயிலுமுத்துவின் மனைவி பேச்சியம்மாள் தைக்கக் கொடுத்த சட்டையை வாங்க மைதீன் கடைக்கு வந்த அன்றைக்குத்தான் விஷயம் வெளியே வந்தது. வந்தவளை மைதீன், "மதினி, புதுசா வந்த ரூமப் பாக்கியளா? பூசி, வர்ணம் அடிச்சே வந்திருக்கு, பச்ச வர்ணம்" என்று மேலே கூட்டிப்போனார். பேச்சியம்மாள் வாசலில் செருப்பைக் கழற்றப் போனவள் கழற்றவில்லை. செருப்புக் காலோடு உள்ளே போய் சுவரைத் தடவினாள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டும் குங்குமமும் சுவிட்சுப் பெட்டிக்குப் பக்கத்தில் காய்ந்துபோய் இருந்தன.

"செருப்பக் கழத்திட்டு அந்த சுவிட்சத் தொடுங்க" என்றாள்.

மைதீன் கழற்றிவிட்டுத் தொட்டார். ஷாக் அடித்துக் கை உதறியது.

"எங்க வீட்டு மாடி ரூமு" என்றாள் பேச்சியம்மாள்.

அதற்குப் பிறகுதான் வாய்க்கால் கரைக்குப் போய்ப் பார்த்தோம். வெயிலுமுத்து வீட்டில் மாடியே இல்லை. தினம் ஒரு வரி அங்கே குறைந்தது, இங்கே கூடியது. மனிதர் வாயைத் திறக்கவில்லை. ஊருக்கெல்லாம் வீடு கட்டுகிறவர் தன் வீடு தேய்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வார். பகலில் செங்கல் இறக்கி, குறைந்த வரியைத் தன் கையாலேயே கட்டினார், தண்ணீர் விட்டு நனைத்தார், படுத்தார். விடிகிறபோது ஈரம் காயாத அந்த வரியும் பைபாஸுக்கு வந்து சேர்ந்திருந்தது. கட்டக் கட்ட வந்தது. ஆவுடையப்பன் வேலையைத்தான் அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார், தன் செங்கல்லை வைத்து, தன் சிமெண்டை வைத்து, கூலி இல்லாமல்.

ஆவுடையப்பனிடம் சொன்னோம். அவர் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தோம், பல் எல்லாம் அவருடையதுதான், ஒன்றைத் தவிர.

அதிலிருந்து தினமும் காலையில் வாய்க்கால் கரைக்கு நடைப்பயிற்சி போக ஆரம்பித்தார். வேலிக்கு வெளியே நின்று வெயிலுமுத்து கட்டுவதைப் பார்ப்பார்.

"கட்டும்வே, கட்டும். கலவையில மண்ணு கூட இருக்க மாதிரி தெரியுதே. நேத்து வந்த சுவர்ல பூச்சு உதிருது. எனக்குத் தரம் முக்கியம், ஆமா."

வெயிலுமுத்துவும் விடவில்லை. வந்து சேர்ந்த ஒவ்வொரு சுவருக்கும், ஜன்னலுக்கும், பச்சை வர்ணத்துக்கும் சதுர அடி போட்டு மாதம் பிறந்தால் பில் அனுப்பினார். ஆவுடையப்பன் அதை முழுசாக அடித்து, கீழே "சொல்லாமல் செய்த வேலை" என்று எழுதித் திருப்பி அனுப்பினார். ஒரு தடவை, "பச்சை பிடிக்கவில்லை, மாற்றவும்" என்று எழுதியிருந்தார்.

வீடு இடுப்பளவு ஆனபோது வெயிலுமுத்து இறங்கி வந்தார். சந்தைக்கிழமை, காய்கறிக் கடைக்கு முன்னால், ஊர் பார்க்க.

"அண்ணாச்சி, பேசினதுல பாதி குடுங்க போதும். கேக்கேன், சொல்லிருங்க. மனசு குளிர்ந்துதா?"

ஆவுடையப்பன் வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்த்தார். "முத்தல்" என்று கடைக்காரரிடம் சொன்னார்.

அடுத்த வாரம் மறுபடி வந்தார். "பில்லே வேண்டாம். கைப்பிடிச் சுவரும் வேண்டாம், சன்ஷேடும் வேண்டாம், நான் போட்ட பூசணிக்காயும் வேண்டாம். ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி. மனசு குளிர்ந்துதா?"

"என்னவே, தினம் ஒரு வரி ஓசியா வருது. குளிர்ந்துதுன்னு சொன்னா நின்னுருமே. நான் என்ன கிறுக்கனா?" என்றார் ஆவுடையப்பன். பிறகு கிட்டே போய், மெதுவாக, ஆனால் எங்களுக்கும் கேட்கிற மாதிரி, "டேப்பத் தளத்திப் பிடிச்சீர்லா? இப்ப அளந்துக்கிடும்" என்றார்.

அன்றைக்குச் சந்தையில் நாற்பது ஐம்பது பேர் இருந்தோம். ஒருவராவது, சொல்லித் தொலையும் ஐயா என்று சொல்லியிருக்கலாம். வெண்டைக்காய் வாங்கிக்கொண்டு போனோம்.

பேச்சியம்மாள், ஆவுடையப்பனின் மனைவி கோமதியிடம் போனாள். கோமதி அன்றைக்குச் சோறு போடும்போது புருஷனிடம் கேட்டாள்.

"ஒரு வார்த்த. சொன்னா வாயி தேஞ்சிருமா?"

"பில்லு போட்டாம்லா."

"அவுகதான் வேண்டாம்னுட்டாகளே."

"போட்டாம்லா" என்றார் மறுபடியும். கோமதி ரசத்தை ஊற்றாமல் எழுந்து போய்விட்டாள்.

வாய்க்கால் கரையில் சுவர் முழங்கால் அளவாகி, கணுக்கால் அளவாகி, தரை மட்டும் மிஞ்சி, அந்தத் தரையில் தார்ப்பாய் கட்டி அவர்கள் பொங்கித் தின்றார்கள். பிறகு தரையும் வந்தது. கடைசியில் ஒரு காலை அவர்கள் வீட்டு வாசல் நிலை, மாவிலைத் தோரணம் காய்ந்துபோய்த் தொங்க, கதவோடு, கதவில் பூட்டோடு, நாலாம் மாடியில் வந்து நின்றது. சாவி வெயிலுமுத்துவின் அரைஞாணில் இருந்தது.

அவர் மனைவியையும் ரெண்டு தகரப் பெட்டியையும் கூட்டிக்கொண்டு வந்தார். படி ஏறினார். பூட்டைத் திறந்தார். பேச்சியம்மாள் வலது காலை எடுத்து வைத்து உள்ளே போய், நேரே அடுப்பங்கரைக்குப் போய், உப்பு ஜாடி இருக்க வேண்டிய இடத்தில் கையை நீட்டினாள். இருந்தது.

ஆவுடையப்பன் மூச்சு வாங்க ஏறி வந்தார். "அட்வான்ஸ் எங்க? என் கட்டடத்துல என்னக் கேக்காம எப்படிக் குடியேறலாம்?"

டெய்லர் மைதீன்தான் பேசினார். "அண்ணாச்சி, பூட்டு யாருது?"

"அவன்து."

"சாவி யாருகிட்ட இருக்கு?"

ஆவுடையப்பன் வெயிலுமுத்துவின் அரைஞாணைப் பார்த்துவிட்டுப் படி இறங்கினார். எங்களுக்கு அது நியாயமாகப் பட்டது, வேலைக்குப் போய்விட்டோம்.

அன்றைக்கு ராத்திரி ஆவுடையப்பன் நிம்மதியாகத் தூங்கினார். வெயிலுமுத்துவுக்கு இனி வீடில்லை, அதனால் வளர்ச்சி நின்றுவிடும், ஜெயித்தாகிவிட்டது என்று கணக்குப் போட்டிருந்தார். விடிந்ததும் பால்காரர் வந்து, "ஒரு வரி ஏறியிருக்கு" என்றார். ஆவுடையப்பன் பால் செம்போடு வாசலில் நின்றார். மேலே வடகம் காயப்போடப் போன கோமதி மொட்டைமாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இங்க பாருங்க," என்றாள். "நம்ம கைப்பிடிச் சுவர்ல ஒரு வரியக் காணும்."

மில்லுக்கு எதிரே இருந்த அறைகளை அது தொடவில்லை. கடைகளைத் தொடவில்லை. வாடகைக்கு விட்டது எதையும் தொடவில்லை. ஆவுடையப்பன் படுத்து எழுந்திருக்கிற வீட்டை, அவர் அப்பா கருப்பட்டியும் முட்டையும் கலந்து சுவர் பூசின வீட்டைத்தான் தொட்டது.

அவர் கடைக்கு ஓடினார். வேட்டி வாங்கினார், விலை கேட்காமல் வாங்கினார், கடைக்காரர் அதை வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பார். தாம்பாளத்தில் வேட்டியும் துண்டும் வெற்றிலை பாக்கும், பக்கத்தில் கைப்பிடிச் சுவர், சன்ஷேடு, பூசணிக்காய் உட்பட ஒரு பைசா குறையாமல் அந்தப் பழைய பில்லுக்கான பணமும் வைத்து, நாலு மாடி ஏறி, வெயிலுமுத்து வாசலில் நின்றார்.

"குளிர்ந்துது வெயிலுமுத்து."

"என்ன அண்ணாச்சி குளிர்ந்துது?"

"மனசு."

"நான் கேக்கலயே."

"இப்பக் கேளும்."

வெயிலுமுத்து பணத்தை எடுத்து எண்ணினார். மடியில் கட்டிக்கொண்டார். "பில்லு தீந்துச்சு. ரொம்ப சந்தோஷம்" என்றார். தாம்பாளத்தைத் தொடவில்லை. "காப்பி குடிக்கியளா?" என்று கேட்டார்.

அப்படித்தான் தினமும் நடந்தது. தினமும் காலையில் ஆவுடையப்பன் தாம்பாளத்தோடு ஏறினார், தினமும் வெயிலுமுத்து ஏதாவது ஒன்று கேட்டார். "சாப்பிட்டாச்சா அண்ணாச்சி?" "வெளிய வெயிலா?" "முழங்காலு வலி எப்படி இருக்கு?" "மழை வருமா?" ஒவ்வொரு கேள்விக்கும் ஆவுடையப்பன், பாதியில் முந்திக்கொண்டு, "குளிர்ந்துது, குளிர்ந்துது" என்றார். அது செல்லவில்லை. தெப்பக்குளத் தெருவில் அவர் படுக்கிற அறைக் கூரை போனது, பத்தாயம் இருந்த உள்ளறை போனது, அவர் அப்பா படம் மாட்டியிருந்த சுவர் படத்தோடு போய், ஆறாம் மாடியில் மில்லுப் பெண்கள் அறையில் வந்து நின்றது. அவர்கள் அந்தப் படத்துக்கு ஒரு பூச்சரம் போட்டார்கள். யாரென்று கேட்கவில்லை.

இந்தத் தடவை நாங்கள் போனோம். எங்களுக்கும் பயம் வந்திருந்தது. ஆவுடையப்பன் வீடும் தீர்ந்தால் அடுத்து எது என்று மைதீன் ஒருநாள் சும்மா கேட்டுவிட்டார், அதிலிருந்து தூக்கமில்லை. பத்துப்பேர் போய் வெயிலுமுத்து வீட்டு வாசலில் நின்றோம்.

"கேட்டுருமேன்வே. அவருதான் சொல்லத் தயாரா நிக்காருல்லா" என்றேன்.

வெயிலுமுத்து வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். "சந்தையில நான் கேட்டப்ப நீங்க அங்கதானே நின்னிய. கையில வெண்டக்கா இருந்துது" என்றார்.

வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"கேக்க மாட்டேன்னு சொல்லல. என் வீட்டு நிலை வந்த மாதிரி அவரு வீட்டு நிலை வரட்டும். அன்னைக்குக் கேக்கேன். ஒரு நாள் முந்த மாட்டேன், ஒரு நாள் பிந்த மாட்டேன்."

காத்திருந்தோம். தெப்பக்குளத் தெருவில் கோமதி வானத்துக்குக் கீழே சமைத்தாள், மழை வந்தால் என் வீட்டில் வந்து படுத்தாள். ஆவுடையப்பன் வரவில்லை; குடையை விரித்துக்கொண்டு தன் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். சாரல் நேராக முகத்தில் அடித்தது. தாம்பாளத்தை மடியில் வைத்து வேட்டி நனையாமல் பார்த்துக்கொண்டார்.

கார்த்திகை பிறந்த அன்றைக்கு நிலை வந்தது. எட்டாம் மாடியில். நடுவில் தாமரை செதுக்கின தேக்கு நிலை, அவர் அப்பா செங்கோட்டையிலிருந்து மாட்டு வண்டியில் கொண்டுவந்தது. பூட்டித்தான் இருந்தது. சாவி ஆவுடையப்பனிடம்.

ஊரே படியில் நின்றது. கீழேயிருந்து எட்டாம் மாடி வரை ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, மேலே பேசுவதைக் கீழே கடத்திக்கொண்டு நின்றோம். நகராட்சிக்காரர் டேப்பைச் சுருட்டிவிட்டார். வெயிலுமுத்து புது வேட்டி கட்டி, கையில் பூசணிக்காயோடு வந்தார். சொந்தக் காசில் வாங்கினது. அந்த வாசலில் போட்டு உடைத்தார். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, ஆவுடையப்பன் முன்னால் நின்று, நல்ல குரலில், எந்த நக்கலும் இல்லாமல் கேட்டார்.

"மனசு குளிர்ந்துதா, அண்ணாச்சி?"

ஆவுடையப்பன் தாம்பாளத்தைப் பார்த்தார். நிலையைப் பார்த்தார். இத்தனை நாள் கேட்காமலே சொல்லிச் சொல்லி அந்தச் சொல் அவர் வாயில் தேய்ந்து போயிருந்தது, இப்போது கேட்டாயிற்று. அப்படியே குனிந்து தாம்பாளத்தைத் தரையில் வைத்தார்.

ரெண்டாம் தடவை கேட்டார் வெயிலுமுத்து. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"சொல்லிருங்க," என்றாள் கோமதி. "சொல்லிருங்க அண்ணாச்சி" என்றார் மைதீன். படிக்கட்டு முழுக்க, எட்டாம் மாடியிலிருந்து தெரு வரைக்கும், "சொல்லிருங்க, சொல்லிருங்க" என்று இறங்கிப் போனது.

ஆவுடையப்பன் எங்களை ஒருமுறை பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், என்னையும் பார்த்தார். மடியிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். உள்ளே, அப்பா படம் மாட்டியிருந்த சுவர் போக, அவர் வீடு முழுசாக இருந்தது, பத்தாயம், ஊஞ்சல், அடுப்பங்கரை எல்லாம் இருந்தன. எடுக்க இனி எதுவும் மிச்சமில்லை என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும்.

மூன்றாம் தடவை கேட்டார் வெயிலுமுத்து. கெஞ்சின மாதிரி இருந்தது.

"குளிரல" என்றார் ஆவுடையப்பன். கோமதி உள்ளே வரும்வரை பார்த்து நின்றார். பிறகு கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டார்.

வெயிலுமுத்து துண்டை எடுத்து உதறினார்.

"அப்ப வேல முடியல" என்றார், எங்களிடம் சொன்னாரா தனக்கே சொன்னாரா தெரியவில்லை. நாலு மாடி இறங்கித் தன் வீட்டுக்குள் போய் அவரும் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் பால்காரரை யாரும் எதுவும் கேட்கவில்லை. விடிந்தும் விடியாமலும் ஊரில் எல்லோரும் அவரவர் மொட்டைமாடிக்கு ஏறினார்கள். அக்கம்பக்கம் பார்க்காமல், ஒருவரோடு ஒருவர் பேசாமல், கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய்த் தடவிப் பார்த்தார்கள்.

என் வீட்டில் ஒரு வரி குறைந்திருந்தது.